மணாலிப் பயணத்தில் நக்கர் ரோரிக் காட்சிக்கூடம்: அரை மணி நேரம் போதுமா?

கேள்வி இதுதான். அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் சகிதம் மணாலி போகிறீர்கள். டாக்சிக்காரர் கொடுத்த பட்டியலில் 'நக்கர் கோட்டை, ரோரிக் ஆர்ட் கேலரி, அரை மணி' என்று ஒரு வரி இருக்கிறது. வீட்டில் யாருக்கும் ஓவியத்தில் பெரிய பழக்கம் இல்லை. போகத்தான் வேண்டுமா, அந்த நேரத்தையும் சேர்த்து, மணாலிக்கு வடக்கே லாஹூல் பள்ளத்தாக்கில் இருக்கும் சிஸ்ஸுவில் பனி பார்க்கப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். ஆனால் அரை மணிக்காகப் போவதாக இருந்தால் போகவே வேண்டாம். ஒரு பிற்பகல் முழுவதையும் நக்கருக்கு ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள். ஓவியப் பழக்கம் இல்லாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. படத்தில் இருக்கும் மலை ஜன்னலுக்கு வெளியே நிற்கிற கூடம் இது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கக் கலைப் படிப்பு எதற்கு? நேரம்தான் வேண்டும்.

முதலில் இடம். குல்லுவிலிருந்து மணாலிக்குப் பியாஸ் ஆற்றின் இரு கரைகளிலும் சாலை உண்டு. வலக்கரையில் நெடுஞ்சாலை, பேருந்து, லாரி, ராஃப்டிங் கடைகள் எல்லாம் அந்தப் பக்கம். இடக்கரைச் சாலை குறுகலானது, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே போவது. அந்த இடக்கரையில், மணாலிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் நக்கர் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் தலைநகரம் சுல்தான்பூருக்கு, அதாவது இன்றைய குல்லு நகருக்கு, மாறும்வரை குல்லு அரசர்களின் ஊர் இதுதான். 2020 அக்டோபரில் மணாலியையும் லாஹூலையும் இணைக்கும் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலிக் கூட்டத்தில் பெரும்பகுதி காலையிலேயே லாஹூல் பக்கம் பாய்ந்துவிடுகிறது. நக்கருக்கு அது நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்வேன்.

இனி ஆள். நிகோலாய் ரோரிக் 1874-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். சட்டமும் ஓவியமும் ஒரே சமயத்தில் படித்தார், தொல்லியலில் ஈடுபாடு. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையில் 1913-இல் பாரிஸில் அரங்கேறி, பார்வையாளர்கள் கூச்சலிட்டுக் கலவரமாக்கிய 'வசந்தச் சடங்கு' (The Rite of Spring) என்ற அந்தப் புகழ்பெற்ற பாலே நாட்டியத்துக்குத் திரைச்சீலையும் உடைகளும் வரைந்தவர் இவர்தான். புரட்சிக் காலத்தில் ரஷ்யாவை விட்டு வெளியேறி, பின்லாந்து, லண்டன், நியூயார்க் என்று சுற்றி, 1923 டிசம்பரில் பம்பாயில் வந்து இறங்கினார். டார்ஜீலிங்கில் தங்கி, 1925 முதல் 1928 வரை லடாக், சீனத் துருக்கிஸ்தான், அல்தாய், மங்கோலியா, திபெத் என்று மனைவி ஹெலீனாவோடும் மூத்த மகனோடும் பெரும் பயணம் ஒன்றை முடித்துவிட்டு, 1928 இறுதியில் நக்கருக்கு வந்தார். மண்டி அரசரிடமிருந்து வாங்கிய அந்த வீடுதான் இன்று நீங்கள் பார்க்கப்போகும் காட்சிக்கூடம். நடுவில் அமெரிக்காவுக்கும் மஞ்சூரியாவுக்கும் போய்வந்தாலும், 1947 டிசம்பர் 13-இல் இறக்கும்வரை அவருடைய வீடு இதுவே.

ஆங்கிலேய அரசு அவரை நம்பவில்லை. சோவியத் உளவாளியாக இருப்பாரோ என்று சந்தேகப்பட்டு, ஒரு கட்டத்தில் இந்தியாவுக்குத் திரும்ப விசா தராமல் இழுத்தடித்தது. அமெரிக்கத் தொடர்பும் சுமுகமாக முடியவில்லை. வறட்சி தாங்கும் புல்வகை தேடி அமெரிக்க வேளாண் துறைக்காக 1934-35-இல் மஞ்சூரியாவுக்கும் மங்கோலியாவுக்கும் போனார். அவரை அனுப்பிய வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸே பிறகு அவரைக் கைகழுவிவிட்டார். ஆனால் அதே 1935 ஏப்ரல் 15 அன்று, போர்க்காலத்திலும் கலைச் செல்வங்களையும் அருங்காட்சியகங்களையும் தாக்கக் கூடாது என்ற ரோரிக் ஒப்பந்தம் வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் முன்னிலையில் கையெழுத்தானது. வெள்ளைத் துணியில் ஒரு சிவப்பு வட்டம், அதற்குள் மூன்று சிவப்புப் பொட்டுகள்: அந்த ஒப்பந்தத்தின் கொடி. நக்கரில் இந்தச் சின்னம் கண்ணில் படும். பிள்ளைகள் என்னவென்று கேட்டால் சொல்ல உதவும்.

இப்போது படங்களுக்கு வருகிறேன். சொல்ல அதிகம் இருப்பது இங்கேதான்.

கீழ்த்தளத்தில் சில அறைகள், சில டஜன் படங்கள். அவ்வளவுதான். ரோரிக் வாழ்நாளில் ஏறத்தாழ ஏழாயிரம் படைப்புகள் செய்தவர் என்பார்கள். அவற்றில் பேர்பெற்றவை பல மாஸ்கோவிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் நியூயார்க்கிலும் இருக்கின்றன. நக்கரில் இருப்பவை பெரும்பாலும் சிறிய மலைக்காட்சிகள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னால், ரோரிக் பிற்காலத்தில் ஒரே வாய்பாட்டைத் திரும்பத் திரும்பக் கையாண்டவர்: கீழே இருண்ட மலைவரிசை, அதன்மேல் நீலம், அதன்மேல் பனிச்சிகரம், ஓரத்தில் எறும்பளவு ஒரு துறவியோ குதிரைக்காரரோ. ஐம்பது படங்களை ஒரே மூச்சில் பார்த்தால் சலிப்புத் தட்டும். பத்துப் பன்னிரண்டை நிதானமாகப் பார்த்தால் தட்டாது. சிறிய கூடம் அவருக்குச் செய்யும் உதவி இது.

கைப்பேசியில் அவர் படங்களை ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தால், அவை நியான் விளக்குப்போல் ஒளிர்ந்திருக்கும். அசல் அப்படி இருக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் எண்ணெய் வண்ணத்தை விட்டு டெம்பெராவுக்கு மாறிவிட்டார். நிறப்பொடியை எண்ணெயில் குழைக்காமல் முட்டைக்கரு, பசை போன்றவற்றில் குழைத்துப் பூசும் முறை அது. சட்டென்று காய்ந்துவிடும், பளபளப்பு இருக்காது, எண்ணெய் ஓவியம் காலப்போக்கில் மஞ்சளித்துக் கறுப்பதுபோல் கறுக்காது. நிறம் வெளிச்சத்தை எதிரே வீசாமல், சுண்ணாம்புச் சுவரில் மாலை வெயில் படிந்ததுபோல் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் நின்று சாய்வாகப் பாருங்கள், பரப்பின் வறட்சி தெரியும். இந்த வறட்சிதான் உயர்மலைக் காற்றுக்கு வெகுவாகப் பொருந்துகிறது.

'பனி ஊதாவாகவா இருக்கும்? மலை இளஞ்சிவப்பாகவா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள், பெரியவர்களே கேட்கிறார்கள். கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி கண்ணால் கண்டதுதான். நிழலில் கிடக்கும் பனிமேல் சூரிய ஒளி நேரடியாக விழுவதில்லை. நீல வானத்திலிருந்து சிதறி வரும் ஒளி மட்டுமே விழுகிறது. பனிக்கென்று சொந்த நிறம் இல்லாததால் அது நீலமாகவே தெரியும். மாலையில் சூரியன் தாழ்ந்ததும் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் வரவேண்டியிருக்கிறது. வழியில் நீலம் சிதறிப்போய், சிகரத்தை எட்டுவது சிவப்பும் ஆரஞ்சும். பள்ளத்தாக்கு இருட்டிய பிறகும் உச்சி மட்டும் இளஞ்சிவப்பாக நிற்பது அதனால்தான். தொலைவு கூடக் கூட இடையில் உள்ள காற்றின் நீலம் கூடிக்கொண்டே போவதால், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலைவரிசைகள் வெவ்வேறு நீலப் பட்டைகளாகப் பிரிந்து தெரியும். ரோரிக் செய்ததெல்லாம் அந்தப் பட்டைகளுக்குள் இருக்கும் மரம், பாறை, பாதை போன்ற விவரங்களைத் துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் கூராக விட்டதுதான். மீதிப் பாதி, அதாவது ஓரத்தில் நிற்கும் துறவியும் மேகத்தில் தெரியும் உருவமும், அவருடைய நம்பிக்கை.

பிற்பகல் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமும் இதுதான். நக்கர் பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவில் மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஊர். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னிருந்து எழுந்து எதிர்மலையில் அடிக்கும். ஒவ்வொரு வீடும் வயலும் துல்லியமாகத் தெரியும். புகைப்படக்காரருக்கு அது வசதி. பிற்பகலில் சூரியன் எதிர்மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கும். விவரங்கள் மறைந்து மலைகள் தட்டையான பட்டைகளாக அடுக்கடுக்காக நிற்கும். வடக்கே ரோஹ்தாங் பக்கத்துப் பனியில் மட்டும் வெயில் ஏறும். அதாவது உள்ளே பார்த்த படம் வெளியே அப்படியே இருக்கும். உணவு இடைவேளை முடிந்து திறக்கும்போது உள்ளே போங்கள். ஒரு சுற்று பாருங்கள். வெளியே வந்து தோட்டத்தில் அரை மணி உட்காருங்கள். பிறகு மறுபடி உள்ளே போய்ப் பிடித்த இரண்டு படங்களை மட்டும் பாருங்கள். இந்த இரண்டாவது சுற்றில்தான் ஓவியப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் ஏதோ பிடிபடும்.

இளைய மகன் ஸ்வெதஸ்லாவ் ரோரிக்கின் (1904-1993) படங்களும் இங்கே உண்டு. பலரும் அப்பாவைப் பார்த்துவிட்டு மகனைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு மகன் ஒருபடி மேலாகவே தோன்றுகிறார், முக்கியமாக மனிதர்களை வரைவதில். பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் தொங்கும் நேரு ஓவியம் அவர் கைவண்ணம். நேரு 1942-இல் மகள் இந்திராவோடு இதே நக்கர் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். அப்பாவுக்கு மனிதர்கள் மலையின் அளவைக் காட்டும் புள்ளிகள். மகனுக்கு முகம்தான் விஷயம், மலை பின்திரை. இருவரையும் அடுத்தடுத்த சுவர்களில் பார்க்கும்போது அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

உங்கள் அம்மாவுக்கு இந்தக் குடும்பத்தின் மருமகளைத் தெரிந்திருக்கலாம்: தேவிகா ராணி. ஹிமான்ஷு ராயோடு சேர்ந்து பம்பாய் டாக்கீஸ் படநிறுவனத்தை உருவாக்கிய நடிகை. தாதாசாகேப் பால்கே விருதை முதன்முதலில் பெற்றவர். 1945-இல் ஸ்வெதஸ்லாவை மணந்துகொண்டு சினிமாவை விட்டு விலகி, சில காலம் இந்த நக்கர் வீட்டில் வாழ்ந்தார். பிறகு இருவரும் பெங்களூருக்கு அருகே தாதகுனி எஸ்டேட்டில் குடியேறினார்கள். பழைய இந்திப் படங்கள் பிடிக்கும் என்றால், ஓவியங்களைவிட இந்தக் கதையே அம்மாவை இழுக்கும்.

மேல்தளம் வீடு வாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அறைகளுக்குள் போக முடியாது; தாழ்வாரத்தில் நடந்து கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். குடும்பத்தின் பழைய காரும் வளாகத்திலேயே நிற்கிறது, பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். வளாகத்தில் தேவதாரு மரத்தடியில் சில கற்சிலைகள் உண்டு. அவற்றில் குதிரைமேல் அமர்ந்த வீரர் குகா சௌஹான். வட இந்தியாவில் பாம்புக்கடிக்குக் காப்பாக வணங்கப்படும் நாட்டார் தெய்வம். நம் ஊர் எல்லையில் குதிரையோடு நிற்பவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அறிமுகமே தேவையில்லை. ரோரிக் இந்தச் சிலையையும் வரைந்திருக்கிறார். சரிவில் சற்றுக் கீழே இறங்கினால் அவரது நினைவுக் கல். 1947 டிசம்பர் 15 அன்று அவர் உடல் அந்த இடத்தில்தான் எரியூட்டப்பட்டது. இந்தியாவின் பெரும் நண்பரான மகரிஷி என்று விக்ரம ஆண்டுக் கணக்கோடு கல்லில் பொறித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இந்த இறக்கத்தை விட்டுவிடுங்கள், திரும்பி ஏறுவது சிரமம்.

வளாகத்தின் மேலே நடந்தால் உருஸ்வதி. 1928-இல் ரோரிக் குடும்பம் தொடங்கிய இமாலய ஆய்வு நிறுவனம் அது. மூலிகைகளும் பறவை மாதிரிகளும் சேகரித்தார்கள், திபெத்திய மருத்துவத்தை ஆராய்ந்தார்கள். மூத்த மகன் யூரி திபெத்திய மொழியில் பெரிய அறிஞர். ரஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவோடு விதைகள் பற்றிக் கடிதப் போக்குவரத்து இருந்தது. உலகப் போர் வந்ததும் வேலை நின்றுபோயிற்று. இப்போது அங்கே நாட்டார் கலைப் பொருட்கள் வைத்திருக்கிறார்கள். கால் வலித்தால் தவிர்த்தாலும் பெரிய நஷ்டமில்லை.

ஒரு எச்சரிக்கை. ரோரிக்கும் ஹெலீனாவும் ஓவியத்தோடு நின்றவர்கள் அல்லர். பிரம்மஞான (தியோசபி) மரபிலிருந்து கிளைத்து 'அக்னி யோகம்' என்று ஒரு போதனையையே உருவாக்கினார்கள். இன்றும் ரஷ்யாவிலிருந்து பக்தியோடு வருபவர்கள் உண்டு. நினைவுக் கல்லருகே கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் அழைத்து வாருங்கள். அந்த நம்பிக்கைகளில் எனக்கு ஈடுபாடு கிடையாது. திபெத்தியக் கதைகளில் வரும் மறைநாடான ஷம்பாலாவைத் தேடியவர், இமயத்து மகாத்மாக்களோடு பேசியவர் என்ற பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டும் அந்த மலைகளை ரசிக்க முடிகிறது.

நக்கர் கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கேலரியிலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம் கீழே இருக்கிறது. பிள்ளைகளை நடக்கவிட்டு, அம்மாவைக் காரில் அனுப்பலாம். வழியில் மூன்றடுக்குக் கூரையோடு திரிபுரசுந்தரி கோயில் வரும். கோட்டை 15-ஆம் நூற்றாண்டில் ராஜா சித் சிங் கட்டியது என்பார்கள். இப்போது மாநிலச் சுற்றுலாத் துறையின் ஹோட்டல். சுவர்களைக் கவனியுங்கள்: ஒரு வரிசை தேவதாரு உத்தரம், ஒரு வரிசை கல், மீண்டும் உத்தரம், மூலைகளில் மரங்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருக்கும், நடுவே சாந்து கிடையாது. காத்-குனி என்று உள்ளூரில் சொல்லும் முறை. நிலம் குலுங்கும்போது சுவர் விறைத்து உடையாமல் சற்றே அசைந்து கொடுக்கும். 1905 காங்க்ரா நிலநடுக்கத்தில் இருபதாயிரம் பேர்வரை இறந்தார்கள். இந்தக் கட்டடம் நின்றது. முற்றத்தில் ஜக்திபட் என்ற சிறு சன்னதியில் ஒரு கற்பலகை இருக்கிறது. தெய்வங்கள் தேனீக்களாக மாறி மலையிலிருந்து தூக்கி வந்தது என்பது ஊர்க்கதை. மாலை வெயிலில் கோட்டைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்க நேரம் விடுங்கள். ஊரில் சித்து கிடைத்தால் வாங்குங்கள்: புளித்த கோதுமை மாவுக்குள் வால்நட் போன்ற பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்து, நெய்யூற்றித் தருவார்கள். இட்லி இல்லாமல் தவிக்கும் பெரியவர்களுக்கு அது ஒத்துப்போகும்.

சில நடைமுறை விஷயங்கள். கேலரிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நடுப்பகலிலும் சிறிது நேரம் மூடுவார்கள். வாகனம் வாசல் அருகே வரை போகும், ஆனால் சாலை குறுகல், சீசனில் நிறுத்த இடம் கிடைக்காது. டாக்சிக்காரரைக் கோட்டைப் பக்கம் காத்திருக்கச் சொல்வது நல்லது. ஜூன் மாதத்தில் சமவெளித் தூசி மேலேறி மலைகள் மங்கலாகத் தெரியலாம். முந்தைய இரவு மழை பெய்து தூசி அடங்கியிருந்தால் அன்றே கிளம்பிவிடுங்கள், அடுத்த நாளுக்கு ஒத்திப் போடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் போகவே வேண்டாம்: 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் நெடுஞ்சாலையையே பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. தேதியை மாற்ற முடியுமானால் அக்டோபர்தான் என் தேர்வு.

பாலம்பூர், தர்மசாலா பக்கமும் போவதாக இருந்தால் ஆந்த்ரெட்டா கிராமத்தில் ஓவியர் சோபா சிங் காட்சிக்கூடம் இதே வகை. குருநானக் உருவப்படங்களால் பஞ்சாப் வீடுகளெங்கும் அறிமுகமானவர், 1947-க்குப் பிறகு அந்தக் கிராமத்திலேயே தங்கிவிட்டார். கூடவே மண்பாண்டப் பட்டறையும் உண்டு என்பதால் பிள்ளைகளுக்கு நக்கரைவிட அது பிடிக்கக்கூடும். ஆனால் மணாலியிலிருந்து அது ஒருநாள் பாதை; ஒரே பயணத்தில் இரண்டையும் திணிக்காதீர்கள்.

திரும்பி வந்த பிறகு ரோரிக் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றினால், பெங்களூர் குமார கிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் தந்தை, மகன் இருவருக்கும் தனிக்கூடம் இருக்கிறது. திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை வளாகத்து ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்திலும், ரவிவர்மா படங்கள் இருக்கும் அதே வளாகத்தில், ரோரிக்குகள் உண்டு. நாகர்கோவில்காரர்களுக்கு அது இரண்டு மணி நேரப் பயணம்தான்.

டாக்சிக்காரரிடம் முந்தின நாளே பேசிவிடுங்கள். 'நக்கரில் நான்கு மணி நேரம், போகும்போதும் வரும்போதும் இடக்கரைச் சாலை' என்று சொல்லி வாடகையை முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போய்ச் சொன்னால் கிளம்புங்கள் என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்.